ஜோவினாவின் மேல் ஒரு பொறாமை

"அய்யோ... என் அத்தியாயம்!"

அந்த அலறலைக் கேட்டதும்தான் லெனிரா கண்ணைத் திறந்தாள்.

ஆற்றங்கரை ஊரான பெலெமில் மத்தியான மழை தினம் வருவதுதான். அது வரும் என்பதைத் தினமும் மறந்துபோவது லெனிராவின் வழக்கம். குடையில்லாமல் மாமரங்களுக்கு அடியில் ஓடி வந்தவள், தெருமுனையில் தக்காக்கா சூப் விற்கும் அம்மாளின் கித்தான் பந்தலுக்குள் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தாள். பாய்ந்த வேகத்தில் யாருடைய முழங்கையிலோ இடித்தாள். அவன் கையிலிருந்த சுரைக்குடுக்கை கவிழ்ந்து, கொதிக்கக் கொதிக்க இருந்த மஞ்சள் சூப் முழுவதும் அவன் மடியிலிருந்த காகிதக் கட்டின் மேல்...

மசி கரைந்து வழிந்தது.

"மன்னிச்சுக்கங்க... தெரியாம..."

"தெரியாமயா? மராஜோ தீவு எருமை மாதிரி வந்து விழுந்துட்டு, தெரியாமயாம்!"

பதிலுக்குத் திட்ட வாயெடுத்தவள், அவன் நிமிர்ந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அடர்ந்த புருவம். அதன் கீழே, கோபத்திலும் சிரிப்பை மறக்காத இரண்டு கண்கள்... கறுப்பா, காப்பிக்கொட்டை நிறமா என்று சொல்ல முடியவில்லை. மழை வெளிச்சத்தில் மாறிக்கொண்டே இருந்தன.

"தொடர்கதைங்க. சாயங்காலப் பதிப்புல வரணும். இப்பவே அச்சுக்குப் போகலேன்னா ஆசிரியர் என் தோலை உரிச்சுடுவார்."

"கதை மனசுல இருக்கா?"

"இருக்கு. கைதான்... சுட்டுப்போச்சே."

லெனிரா பையிலிருந்து பென்சிலையும் குறிப்புத் தாளையும் எடுத்தாள். பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. நானும் பத்திரிகைக்காரிதான். நீங்க பேசறதைவிட வேகமா எழுதுவேன்."

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"ஜோவினாவின் கண்கள்... மழை விட்டதும் ஆற்றின் மேல் விழும் வெயிலின் நிறம். இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். முத்தமிட்டவன் கிளம்பும்போது விட்டுப்போன அடையாளம்போல..."

லெனிராவின் பென்சில் ஓடியது. மனம் எங்கோ இடறியது. நனைந்த கூந்தல் கன்னத்தில் ஒட்ட, கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். இந்த மனிதனோ கண்ணை மூடிக்கொண்டு வேறொருத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்! 'சற்று முன்புவரை இவன் யாரென்றே எனக்குத் தெரியாது. எனக்கேன் எரிகிறது?'

முற்றுப்புள்ளி வைத்ததும் கேட்டாள்.

"இந்த ஜோவினா... நிஜமா இருக்காளா?"

அவன் கண்ணைத் திறந்தான். "முன்னாடி இருந்தா."

தாள்களைச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டே பெயர் கேட்டான்.

"லெனிரா. காலைப் பத்திரிகையில புத்தக மதிப்புரை எழுதறேன்."

"அட... என் முதல் நாவலைக் கிழிச்சு ஆத்துல விட்டது நீங்கதானா?"

"நீங்களா எவரால்டோ?"

"நானேதான். போன வருஷம் பேனா மசியை ஊத்தினீங்க. பத்தலைன்னு இன்னைக்கு சூப்பையும் ஊத்தியாச்சு!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். "சனிக்கிழமை பெலார்மினோ கடைக்கு வாங்க. நேர்ல திட்டற ஆள் எங்களுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு மழையிலேயே ஓடினான்.

பெலார்மினோவின் காப்பிக் கடையின் பின்பக்கத்து நீளமேசை ஊர் எழுத்தாளர்களுடையது. கவிஞர்கள், கதாசிரியர்கள், எதுவும் எழுதாமல் எல்லாவற்றையும் குறை சொல்கிறவர்கள். காலையில் துறைமுகத்துச் செய்தியும் கோர்ட்டுச் செய்தியும் எழுதிவிட்டு, மத்தியானம் நாவல் எழுதும் எவரால்டோதான் அந்தக் கூட்டத்தின் நடுநாயகம். லெனிரா போனாள். மறுவாரமும் போனாள். அவள் ஒரு கவிதையைக் குத்திக் கிழிக்கும்போதெல்லாம் எவரால்டோ மேசையைத் தட்டிச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே இரண்டு வார்த்தை கூடுதலாகக் கிழித்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை... வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

பச்சைப் பட்டுச் சட்டை. காலியாயிருந்த நாற்காலிகளெல்லாம் தனக்குத்தான் என்பதுபோல ஒரு நடை. எவரால்டோ எழுந்த வேகத்தில் அவன் நாற்காலி பின்னால் விழுந்தது.

"சுல்மிரா!"

சாவோ பவுலோவில் பெயர் வாங்கிய பாடகி. வானொலியில் பாட ஊர் திரும்பியிருந்தாள். லெனிரா அவள் கண்களைப் பார்த்தாள். மழை விட்ட ஆற்று வெயில். பார்வை தானாக அவள் இடது காதுக்குக் கீழே போனது.

மச்சம் அங்கேதான் இருந்தது. லெனிராவின் கையாலேயே எழுதப்பட்ட மச்சம்.

பக்கத்திலிருந்த டாக்டர் ஒட்டோனியேல் அவள் காதோரம் குனிந்தார். காலையில் ஊசி போடுவார், மாலையில் கவிதை போடுவார். "நாவல்லேர்ந்து எழுந்து வந்துட்டா பாருங்க. ஒரு காலத்துல ரெண்டு பேருக்கும் நிச்சயமாயிருந்துச்சு. பாட்டுக்காகக் கப்பலேறிட்டா."

லெனிரா சிரித்தாள். சிரிக்காவிட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சிரிப்பை மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து எவரால்டோ பார்த்துவிட்டான். டாக்டரின் தலை அவள் தலைக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதையும்.

அன்று பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடவே வந்தான். வழக்கமாக வழியெல்லாம் கதை பேசுகிறவன், எடுத்த எடுப்பில் கேட்டான்.

"காதுல அப்படி என்ன கவிதை சொன்னார் டாக்டர்?"

"உங்க காதுல ஜோவினா என்ன சொன்னாளோ, அதேதான்."

"அவ பேர் சுல்மிரா."

"அப்படியா? நான் எழுதினப்ப வேற பேர் சொன்னீங்களே..."

"லெனிரா..."

"பஸ் வந்துடுச்சு."

ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். 'அவளைத்தான் நினைக்கிறான்... நிச்சயமாக அவளைத்தான்!'

தொடர்கதை முடிந்தது. ஊரே ஜோவினாவுக்காக அழுதது. ரியோவிலிருந்து ஒரு பதிப்பாளர் அதைப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டார். லெனிரா மதிப்புரை எழுத உட்கார்ந்தாள். பேனா ஒரே மூச்சில் ஓடியது.

'ஜோவினா பெண்ணல்ல, சட்டம் போட்டு மாட்டிய படம். நாவலாசிரியர் அந்தப் படத்தின் முன் மண்டியிட்டு முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறார். முட்டிவலி வாசகனுக்கு.'

ஊர் சிரித்தது. காப்பிக் கடையில் அதைச் சத்தமாகப் படித்து மேசையைத் தட்டினார்கள். முட்டிவலி வரி கப்பலேறி ரியோவுக்கும் போனது. பதிப்பாளர் பின்வாங்கிவிட்டார்.

எவரால்டோ அதற்குப் பிறகு பெலார்மினோ கடைப் பக்கம் வரவில்லை.

லெனிராவுக்குச் சோறு இறங்கவில்லை. 'நான் எழுதியதில் பொய் எது? ஒரு வரி சொல்லுங்கள் பார்ப்போம்!' என்று கண்ணாடியோடு சண்டை போட்டாள்.

ஒருநாள் பத்திரிகை அலுவலகத்துக்குச் சுல்மிரா வந்தாள். கேட்காமலே எதிரே உட்கார்ந்தாள். லெனிராவுக்கு உடம்பெல்லாம் முள்ளாகக் குத்தியது.

"பயப்படாதே. சண்டைக்கு வரலை. நீ எழுதினதைப் படிச்சு நானே சிரிச்சேன். நான் என்னிக்கு அவ்வளவு அழகா அழுதிருக்கேன்? எனக்கு அழுதா மூக்குதான் ஒழுகும்."

லெனிராவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு கேக்கறேன் பொண்ணே. அது விமர்சனமா?"

லெனிரா மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினாள்.

"நான் மேடைக்காரி. கைதட்டல்ல எது நிஜம், எது வஞ்சம்னு எனக்குக் கேக்கும். அந்த முட்டிவலி வரியைப் படிச்சப்ப எனக்கு உன் மேல பொறாமையா இருந்துச்சு தெரியுமா? ஒருத்தன் மேல இவ்வளவு கோவம் வரணும்னா... நான் அவன் மேல ஒருநாளும் அப்படிக் கோவப்பட்டதில்ல. அதான் சுலபமா கிளம்பிப் போக முடிஞ்சுது."

எழுந்தாள். கதவருகே திரும்பினாள்.

"எவரால்டோ ரியோ பத்திரிகை ஒண்ணுல வேலை ஒத்துக்கிட்டான். இந்தச் சனிக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போக வர்றான்."

"அவர் மனசுல..." லெனிரா பாதி எழுந்தாள். "அவர் மனசுல யாருன்னு..."

"எனக்குத் தெரியாது. கேட்டுக்கோ. தைரியம் இருந்தா."

சனிக்கிழமை நீளமேசை நிறைந்திருந்தது. எவரால்டோ நடுவில். மெலிந்திருந்தான். லெனிரா நுழைந்து மேசையருகே நின்றாள்.

"எல்லாரும் இருக்கும்போதே சொல்லணும்" என்றாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எல்லாரையும் சிரிக்க வெச்சுத்தானே எழுதினேன். நான் எழுதினது விமர்சனம் இல்ல. பொறாமை. திங்கக்கிழமை பத்திரிகையில இதையே எழுதப்போறேன். அந்தப் பதிப்பாளருக்கும் தெரியட்டும்."

"எழுதினா உங்க வேலை போயிடும்மா" என்றார் பெலார்மினோ, துடைத்துக்கொண்டிருந்த கோப்பையோடு.

"போகட்டும்."

எவரால்டோ மெல்லக் கேட்டான். "அந்த வரி தப்பா?"

லெனிரா திணறினாள். பொய் சொல்ல வரவில்லை. "வரி... சரிதான். எழுதின மனசுதான் சரியில்ல."

"யார் மேல பொறாமை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க!" கண்ணில் நீர் முட்டியது. "அந்தப் பந்தல்ல நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நீங்க கண்ணை மூடிக்கிட்டீங்க. அன்னிக்கு ஆரம்பிச்சது. பார்த்தே இராத ஒருத்தி மேல..."

எவரால்டோ எழுந்து வந்து அவள் எதிரே நின்றான். அந்தக் கண்கள்... கறுப்பா, காப்பிக்கொட்டையா... இவ்வளவு அருகில் பார்த்தும் தெரியவில்லை.

"ஏன் கண்ணை மூடினேன்னு இப்ப சொல்லட்டா? திறந்து வெச்சிருந்தப்ப ஜோவினா வரலை. நீதான் தெரிஞ்சே."

"சும்மா சொல்லாதீங்க..."

"கேளு. ஜோவினா விட்டுட்டுப் போனவ. திரும்பிப் பேசமாட்டா. அதனால இஷ்டத்துக்கு எழுதினேன், படமாயிட்டா. நீ சொன்னது நூத்துக்கு நூறு சரி. அடுத்த நாவல்னு உன்னை எழுத உக்காந்தேன் லெனிரா. ஒரு பக்கம்கூட நிக்கலை. எப்படி எழுதினாலும், 'இது நான் இல்லையே'ன்னு நீ வந்து சண்டை போடறே. போதாததுக்கு நடுவுல டாக்டர் வேற வந்து உன் காதுல ஏதோ சொல்றார். பேனாவைத் தூக்கிப் போட்டுட்டேன்."

"நான் என்னய்யா பண்ணினேன்?" என்றார் ஒட்டோனியேல்.

"நீங்க பேசாம இருங்க டாக்டர்!" என்றது மேசை.

"அந்த வரியால ஊர் சிரிச்சப்ப கூட எனக்கு வலிக்கலை" என்றான் எவரால்டோ. "இதை எழுதினவளுக்கு என் மேல ஒண்ணும் இல்லையோன்னு நினைச்சப்பதான் வலிச்சுது. அதுக்குத்தான் ரியோ. ஓடிப்போகத்தான். இப்ப சொல்லு, போகட்டுமா?"

லெனிரா தலையைக் குனிந்துகொண்டாள். கன்னம் சூடாக இருந்தது. இத்தனை பேருக்கு நடுவில் என்ன சொல்வது... எதைச் சொல்லாமல் விடுவது...

"திங்கக்கிழமை நான் எதையும் எழுத முடியாது" என்றாள் மெதுவாக.

"ஏன்?"

"புருஷனாகப் போறவரோட புத்தகத்தைப் பத்தி ஒரு வார்த்தை எழுதக்கூடாதுன்னு எங்க பத்திரிகையில ஒரு விதி இருக்கு."

கோப்பை துடைத்துக்கொண்டிருந்த பெலார்மினோவின் கை நின்றது. "அப்படி ஒரு விதியா? நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

"இப்பதான் போட்டேன்."

மேசை அதிர்ந்தது. யாரோ ரம் கேட்டார்கள், யாரோ அழுதார்கள். டாக்டர் கவிதை சொல்ல எழுந்து, சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப்பட்டார். எவரால்டோ லெனிராவின் விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

"அப்போ... இனிமே என் நாவலையெல்லாம் யார் திட்டறது?"

"நான்தான்" என்றாள் லெனிரா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வீட்டுல."