ஆறு வருடத்தில் முதல் திருத்தம்

"உங்கள் கணினி மேம்படுத்தப்படுகிறது. தயவுசெய்து அணைக்க வேண்டாம்..."

கெருபோ அணைக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தூக்கி எறியலாமா என்று மட்டும் யோசித்தாள்.

மணி இரண்டு இருபது. நைரோபியின் மே மாத மழை மட்டாட்டு மினிபஸ்ஸின் கூரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஜோகூ சாலையில் வண்டி நகர்ந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மூன்று மணிக்குள் பத்திரிகைக்குக் கட்டுரை போயாக வேண்டும். கட்டுரை லேப்டாப்புக்குள் இருக்கிறது. லேப்டாப்போ அவளை ஒரு வார்த்தை கேட்காமல் தன்னை அழகுபடுத்திக்கொள்ள உட்கார்ந்துவிட்டது. இருபத்தேழு சதவீதம்... பத்து நிமிடமாக அதே இருபத்தேழு.

"மேடம், இனி வண்டி நகராது. நீந்தத் தெரிஞ்சவங்க இறங்கிக்கலாம்" என்றான் நடத்துநர்.

கெருபோ இறங்கினாள். கணுக்கால் வரை தண்ணீர். கைப்பேசியில் இரண்டு சதவீத உயிர். எதிரே புருபுரு பேட்டையில் ஓர் இறைச்சிக் கடை, அதன் பக்கத்தில் பச்சை வண்ணப் படிக்கட்டு, மேலே ஒரு பலகை: 'கியாலோ சைபர். தட்டச்சு, அச்சு, வரிக்கணக்கு, பாஸ்போர்ட் படிவம், பொறுமை.'

கடைசி வார்த்தையைப் படித்ததும் அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. இருந்தாலும் ஏறினாள்.

கல்லாவில் இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். உலகத்தில் எந்த அவசரமும் எட்டாத கண்கள்... மழை விட்ட பிறகு தெளிந்து நிற்கும் தண்ணீர் மாதிரி. கெருபோவுக்கு எரிச்சல் இன்னும் கூடியது. சொட்டச் சொட்ட நனைந்து வந்தவளுக்கு எதிரே ஒருவன் இவ்வளவு நிதானமாகவா அழகாக இருப்பான்?

"பாஸ், உடனே ஒரு மெஷின் வேணும்."

"மூணாம் நம்பர் காலியா இருக்கு, மேடம்."

உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். எழுந்துவிட்டாள்.

"இது லினக்ஸ். விண்டோஸ் இல்லை."

"ஆமா."

"நான் கேட்டது கம்ப்யூட்டர்."

அவன் சிரிக்கவில்லை. கண்கள் மட்டும் லேசாகச் சிரித்தன. "நீங்கதானே 'ஒப்புக்கொள்ள மாட்டேன்' தொடர் எழுதற கெருபோ? பத்திரிகையில இருக்கிற படத்துல நனையாம இருந்தீங்க, அதான் சட்டுனு தெரியலை. லினக்ஸ் எல்லார் மேசைக்கும் வர்ற வருஷம் அடுத்த வருஷம், எப்பவும் அடுத்த வருஷம்னு மூணு தடவை எழுதியிருக்கீங்க. இந்த மேசைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. ஒரு தடவைகூட என்னைக் கேக்காம அப்டேட் ஆனதில்லை."

"அது யாராலயும் அப்டேட் பண்ண முடியாததால."

"உங்களுது ஆயிட்டு இருக்கு போல. எத்தனை சதவீதம்?"

சில கேள்விகளுக்குப் பதில் சொல்வதைவிட நனைந்த செருப்பைக் குனிந்து பார்ப்பது கௌரவம்.

அவன் லேப்டாப்பைக் கேட்டு வாங்கிக் காதருகில் வைத்துக் கேட்டான், ஏதோ குழந்தைக்கு இருமல் பார்ப்பவன் போல. "மாட்டிக்கிச்சு. இப்ப அணைச்சா உள்ள இருக்கறது போயிடலாம். விட்டுட்டுப் போங்க, புதன்கிழமை தர்றேன். கட்டுரையைத் திரும்ப எழுதிடுங்களேன்... எதைப் பத்தி?"

"ஒரு கம்பெனி தன்னோட அரட்டை மென்பொருளுக்கு நாலாவது தடவையா பேர் மாத்தியிருக்கு. உள்ள ஒண்ணும் மாறலை. இப்ப கால்குலேட்டரைத் திறக்கக்கூட உள்நுழையணும். ரெண்டும் ரெண்டும் கூட்ட என் பிறந்த தேதி எதுக்கு?"

"பேர் மாத்தறது பரவாயில்லைங்க. எங்க தெருவுலயே கடனுக்குப் பயந்து ரெண்டு பேர் பேரை மாத்தியிருக்காங்க."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினாள். முப்பத்தைந்து நிமிடம்தான் இருந்தது. நூலகம் போல அமைதியான தலையும், திருப்பிச் சொல்ல முடியாத அளவுக்கு நுணுக்கமாகச் செதுக்கிய வாக்கியங்களும் லேப்டாப்போடு போய்விட்டன. வேறு ஏதாவது எழுத வேண்டும்... எதை?

அப்போதுதான் ஓட்டிஸ் அம்மா வந்தாள். மன்டாசி பலகாரம் சுட்டு விற்பவள், கையெல்லாம் மாவு. "கியாலோ, என் பாஸ்வேர்ட் மறந்துடுச்சு."

அவன் இழுப்பறையிலிருந்து தடித்த பயிற்சி நோட்டு ஒன்றை எடுத்தான். பக்கம் புரட்டினான். விரலை வைத்துக் காட்டினான். கெருபோவின் கண்ணில் பட்டது: 'ஓட்டிஸ் அம்மா – கருப்பு ஆடு...' மிச்சத்தை அவன் விரல் மறைத்திருந்தது. ஓட்டிஸ் அம்மா தலையாட்டிவிட்டுப் போய்த் தட்டினாள்.

கெருபோவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நோட்டில் எழுதி வைத்த பாஸ்வேர்டுகள்! வட்டாரம் முழுவதன் சாவியும் திறந்த இழுப்பறையில்! பாஸ்வேர்டை எழுதி வைக்காதீர்கள் என்று ஆறு வருடமாக அவள் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் இப்படி ஒரு நோட்டைப் பார்க்கத்தானா?

கட்டுரை கிடைத்துவிட்டது.

விரல்கள் பறந்தன. புருபுருவில், இறைச்சிக் கடைக்கு மேல், பச்சைப் படிக்கட்டு... கடையின் பெயர் போடவில்லை, அதுதான் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டாள். 'கருப்பு ஆட்டின் கழுத்தில் தொங்குகிறது நம் பாதுகாப்பு' என்று முடித்தாள். பிரமாதமான வரி. நடுவில் யாரோ பக்கத்தில் இஞ்சி டீ ஒன்றைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பிப் பார்க்காமலே குடித்தாள்.

இரண்டு ஐம்பத்தெட்டுக்குக் கட்டுரை போனது. மூன்றாம் நம்பர் மெஷின் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

*

புதன்கிழமை மதியம் அதே பச்சைப் படிக்கட்டில் கால் வைத்தபோது எட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். வியாபாரம் ஜோர் என்று நினைத்தாள். இந்த நெரிசலில் தலையை வேறு வாரிக்கொண்டு வந்திருக்கிறோமே... எதற்கு? ஒரு லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போகவா?

மேலே போன பிறகுதான் புரிந்தது. யாரும் தட்டச்சுக்கோ அச்சுக்கோ வரவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான் கியாலோ. அளவுகோல் வைத்து, ஓரம் பிசிறாமல்.

"பத்திரிகையில வந்துடுச்சேப்பா" என்று ஒருவர் தயங்கினார். "உன்மேல சந்தேகம் இல்லை. இருந்தாலும்..."

"பரவாயில்லை சார். உங்க பக்கம் உங்களுது."

வரிசை கரைந்தது. அவன் லேப்டாப்பை எடுத்து வைத்தான். "சரியாயிடுச்சு. பழைய கட்டுரையும் பத்திரமா இருக்கு. பேர் மாத்தின கம்பெனி பத்தினது... அதையே திரும்ப எழுதியிருக்கலாம். நல்லா இருந்துச்சு."

"கியாலோ... நான் கடை பேர் போடலை."

"தெரியும். இறைச்சிக் கடைக்கு மேல பச்சைப் படி வேற எத்தனை இருக்குன்னு எண்ணிப் பார்த்தீங்களா?" குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "கட்டிட உரிமையாளரும் உங்க வாசகர்தான். ஜூன் பிறக்கறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டார். போலீஸ் வந்து நிக்கிற இடமா இது ஆகக்கூடாதாம். ஜூன்லதான் ஊரே வரிக்கணக்கு தாக்கல் பண்ண வரும். அந்த ஒரு மாசத்துலதான் என் வருஷமே ஓடும்."

"பாஸ்வேர்டை நோட்டுல எழுதறது தப்பு. அதை நான் சொல்லித்தானே ஆகணும்?"

"தப்புதான்."

"பின்ன?"

நோட்டை அவள் பக்கம் திருப்பினான். "படிங்க. என் விரல் இல்லாம."

ஓட்டிஸ் அம்மாவின் பக்கம் இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது. 'கருப்பு ஆடு – திருடினது யார்? எந்த வருஷம்?' அவ்வளவுதான். அடுத்த பக்கம்: 'முதல் வேலையிலிருந்து துரத்தின முதலாளியோட பட்டப்பேர், அப்ப போட்டிருந்த செருப்பு அளவு.' அதற்கடுத்தது: 'கல்யாணத்துக்கு முன்னாடி யாருக்குக் கடிதம் எழுதினீங்க? எத்தனை?'

கெருபோ பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒன்றில்கூடப் பாஸ்வேர்ட் இல்லை. கேள்விகள்தான்... அந்த ஒருவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்விகள். இந்தப் பதில்களைத் திருட வேண்டுமானால் கணினியை உடைத்தால் போதாது, ஒரு வாழ்க்கைக்குள் நுழைய வேண்டும். பெரிய கம்பெனிகள் மாநாடு போட்டும் இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை.

"இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. ரொம்ப வேகமா தட்டிட்டு இருந்தீங்க. நல்ல கட்டுரை போலன்னு தொந்தரவு பண்ணலை."

அன்று குடித்த இஞ்சி டீயின் காரம் இப்போதுதான் ஏறியது. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒரு வார்த்தை வரவில்லை. ஊரிலேயே அதிகம் பேசுகிறவள் என்று பேர் வாங்கியவளுக்கு.

*

ஆறு வருடம். இருநூற்றுச் சொச்சம் கட்டுரைகள். ஒரு திருத்தம்கூட வெளியிட்டதில்லை என்பதைத் தன் படத்துக்குக் கீழே அச்சிட வைத்திருந்தாள் கெருபோ. இரண்டு நாள் தன்னோடு வாதாடினாள். 'நோட்டு நோட்டுதானே... எரிஞ்சா? தொலைஞ்சா?' வாதம் ஜெயித்தது. தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பத்திரிகை ஆசிரியர் வெக்கேசாவின் அறைக்குப் போனாள்.

"திருத்தம் போடணும் சார்."

வெக்கேசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "உனக்கு உடம்பு சரியில்லையா?"

"பாஸ்வேர்டுன்னு நினைச்சேன். இல்லை. கேக்காம எழுதிட்டேன்."

"ரெண்டாம் பக்கத்துல மூணு வரி. 'வருந்துகிறோம்'. முடிஞ்சது. யாரும் படிக்க மாட்டாங்க."

"அதனாலதான் வேண்டாம். என் இடத்துல, முழு நீளத்துல வேணும். கடை பேரோட, அவர் பேரோட."

"உன் படத்துக்குக் கீழ இருக்கிற வரி?"

"எடுத்துடுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். எழுதினாள். மேம்படுத்தல் எதுவும் குறுக்கே வரவில்லை, ஆனாலும் ஐந்து மணி நேரம் ஆனது. தப்பை ஒப்புக்கொள்ளும் வாக்கியங்கள் ஏனோ மெதுவாகவே தட்டச்சாகின்றன. வெக்கேசா படித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றார். மறுபடி படித்தார்.

"கெருபோ... இது தொழில்நுட்பப் பக்கம்."

"தெரியும் சார்."

"இந்த வரி தொழில்நுட்பமா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவர் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் அடித்தார். "இதை எங்க சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லிக்கோ. என் காகிதத்தை வீணாக்காதே."

*

அடுத்த செவ்வாய். மழை மெல்லிசாக, மனசில்லாமல் பெய்துகொண்டிருந்தது. கெருபோ போனபோது ஓட்டிஸ் அம்மா கல்லாவில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் என் பக்கத்தைக் கிழிக்கவே விடலையே. ஆட்டைத் திருடினவன் பேரை என் புருஷன்கிட்டகூடச் சொன்னதில்லை. திருடினவன் அவரோட தம்பியாச்சே." சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். "அய்யோ... கியாலோ, பாஸ்வேர்டை மாத்தணும்."

கெருபோவைப் பார்த்தாள், கியாலோவைப் பார்த்தாள். "அப்புறமா மாத்திக்கறேன்" என்று நமுட்டுச் சிரிப்போடு படியிறங்கினாள்.

கல்லாவில் பத்திரிகை விரித்திருந்தது.

"காலையிலிருந்து பதினோரு பேர் பக்கத்தைத் திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க" என்றான் கியாலோ. "கட்டிட உரிமையாளர் போன் பண்ணார். ஜூன் முடியட்டும், பார்க்கலாம்னார். போன வாரம் 'பார்க்கலாம்'கூட இல்லை."

"முழுசா சரியாகலையா?"

"ஆகும். மெதுவா." பத்திரிகையின் அடியில் விரல் வைத்தான். "ஆனா இது பாதியில நிக்கற மாதிரி இருக்கே. உங்க கட்டுரை எப்பவும் கடைசி வரியில யாரையாவது கடிச்சு வெக்கும். இதுல ஒண்ணும் இல்லை."

"ஒரு வரி வெட்டிட்டாங்க."

"என்ன வரி?"

மனப்பாடமாக இருந்தது. இருந்தும், இருநூறு கட்டுரைகளில் ஊரையே திட்டியவளுக்கு ஒரு வரியைச் சொல்ல இவ்வளவு மூச்சா வேண்டும்... தன்மேலேயே எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலோடே சொன்னாள், சண்டைக்கு நிற்பவள் போல:

"'இனி எனக்கு அந்தக் கடையில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போவேன்.'"

கீழே இறைச்சிக் கடையில் கத்தி விழும் சத்தம் கேட்டது. கியாலோவின் அந்த நிதானமான கண்கள் முதல் தடவையாக எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மூன்றாம் நம்பர் மெஷினைப் பார்த்தன, கூரையைப் பார்த்தன, பிறகு வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தன.

"அதுல ஒரு தப்பு இருக்கு" என்றான்.

"மறுபடியுமா? என்ன தப்பு?"

"வேலை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. போன புதன்கிழமை நீங்க பேசாம போனதிலிருந்து படியில யார் காலடி கேட்டாலும் எட்டிப் பாக்கறேன். பிரிண்டர்ல தப்புத் தப்பா காகிதம் வெக்கறேன். ஒருத்தரோட வரிக்கணக்கை இன்னொருத்தர் பேர்ல அனுப்பப் பார்த்தேன். ஒன்பது வருஷத்துல இப்படி ஆனதில்லை. இது உங்களாலதான். இதுக்கும் ஒரு திருத்தம் போட்டுடுங்க."

கெருபோ அவனையே பார்த்தாள். உள்ளுக்குள் எதுவோ, யாரையும் கேட்காமல், தானாகவே தொடங்கி நூறு சதவீதம் ஆகிக்கொண்டிருந்தது.

"போட மாட்டேன்" என்றாள்.