சிங்காநல்லூர் சந்திப்பில் யாருக்கு அவசரம்

காலை எட்டேகால் மணிக்கு டாக்டர் சௌடேஸ்வரியின் கார் சிங்காநல்லூர் சந்திப்பில் வந்து நின்றது. ஒன்பதாகியும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அதற்குள் அவள் மதியத்துக்குக் கொண்டுவந்த தயிர்ச்சாதத்தில் பாதியை முடித்திருந்தாள்.

"தாங்கள் முதலில் போகலாம்," என்றது அவள் காரின் ரேடியோ. ஒரு பால் வண்டி போயிற்று. "தாங்களும் போகலாம். எங்களுக்கு அவ்வளவாக அவசரமில்லை."

"எனக்கு அவசரம்," என்றாள் சௌடேஸ்வரி.

"காத்திருப்பவருக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது. நேற்றைவிட இன்று குறைவு என்று அவரே செய்தி அனுப்பியிருக்கிறார்," என்றது ரேடியோ, நயமாக.

கோவையில் சிக்னல் விளக்குகளைப் பிடுங்கி இருபத்தோரு வருடமாகியிருந்தது. ஸ்டியரிங்கும் ஹாரனும் அதற்கு முன்பே போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக வண்டிதோறும் இணக்கொலி என்றொரு கருவி வந்தது. அந்தப் பெயர் அரசாணையில் மட்டும்தான். ஊருக்கு அது ரேடியோ. பயணியின் நாடியை இருக்கையிலிருந்தும், அன்றைய வேலைகளைக் கைப்பேசியிலிருந்தும் அது தெரிந்துகொள்ளும். சந்திப்பில் மற்ற ரேடியோக்களிடம் பேசும். யாருக்கு அவசரம் அதிகமோ அவருக்கே முதல் வழி. பேச்சு உள்ளே இருப்பவர் காதில் விழவேண்டும், தமிழில் இருக்கவேண்டும் என்பது சட்டம். எந்த வண்டியும் அவசரத்தைச் சொல்லி வழி வாங்கலாம் என்றான பிறகு ஆம்புலன்ஸ்களும் தேவைப்படாமல் போயின.

சௌடேஸ்வரிக்கு ராமநாதபுரத்தில் பல் மருத்துவமனை. இரண்டு மாதமாக அவள் பத்து மணிக்கு முன் அங்கே போய்ச் சேர்ந்ததில்லை. வேர் சிகிச்சையில் பாதி முடிந்த ஒருவர் மீதியை எதிர்க்கட்டிட டாக்டரிடம் முடித்துக்கொண்டார். இப்படியே போனால் தீபாவளிக்குள் நாற்காலியை விற்கவேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை காரை உக்கடத்தில் ரேடியோ மெக்கானிக் பெருமாள்சாமியிடம் கொண்டுபோனாள்.

அவர் ஏரியலைக் கழற்றித் துடைத்தார். ஃபியூஸைப் பார்த்தார். ஒயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஸ்பீக்கரில் காதை வைத்து, "ஏதாவது பேசு," என்றார்.

"வணக்கம். தங்கள் காது சூடாக இருக்கிறது," என்றது ரேடியோ.

"எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது, டாக்டரம்மா. வாங்க, ரோட்டுல விட்டுப் பாக்கலாம்."

சந்திப்பில் கார் நின்றதும் பெருமாள்சாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடப்பக்கத்துக் கார், "உள்ளே மாரடைப்பு," என்றது. வலப்பக்கத்து வேன், "பிரசவ வலி, இரட்டைக் குழந்தை," என்றது. பின்னால் வந்த லாரியும் பிரசவ வலி என்றது. அதில் ஆளே கிடையாது, வெங்காயம்தான் இருந்தது.

"அடடா, தாங்கள் எல்லாரும் போங்கள்," என்றது சௌடேஸ்வரியின் ரேடியோ, உண்மையாகவே பதறி.

பெருமாள்சாமி கண்ணைத் திறந்தார். "உங்க ரேடியோவுல பழகுசில்லு செத்துப்போச்சுங்க. மத்த வண்டிக என்ன பேசி முந்துதுன்னு பாத்துக் கத்துக்கற சில்லு அது. இது கத்துக்கவே இல்ல. பொறந்தன்னிக்கு இருந்தபடியே இருக்குது."

"அப்ப மத்ததெல்லாம் பொய் சொல்லுதா, அண்ணா? யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாருமில்லீங்க. ஒரு நா ஒண்ணு கொஞ்சம் கூட்டிச் சொல்லிருக்கும். வழி கெடைச்சிருக்கும். பக்கத்துல இருந்தது கேட்டிருக்கும்." அவர் தலையைச் சொறிந்தார். "புதுச் சில்லு போட்டுடலாமுங்களா?"

சௌடேஸ்வரி கொஞ்ச நேரம் வெங்காய லாரி போன திசையையே பார்த்தாள். பிறகு, "போடுங்க," என்றாள்.

திங்கட்கிழமை அவள் பன்னிரண்டு நிமிடத்தில் மருத்துவமனைக்குப் போய்விட்டாள். "உள்ளே மருத்துவர். ஓர் உயிர் காத்திருக்கிறது," என்று மட்டும் சொன்னது ரேடியோ. பல்லும் உயிர் உள்ளதுதானே என்று அவள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். புதன்கிழமை அது போதவில்லை. ரேடியோ அவளுக்கே வலிப்பு வரவழைத்தது. வெள்ளிக்கிழமை அவள் கணவர் இராமலிங்கத்தைக் கொன்றது.

அன்று மாலை இராமலிங்கம் வாசலில் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய ஒன்றுவிட்ட அக்கா கையில் ஒரு ரோஜா மாலையோடு வந்து இறங்கினாள். அவளுடைய கார் அதே சந்திப்பில் செய்தியைக் கேட்டிருந்தது.

"எப்படா ஆச்சு?" என்று அவரிடமே கேட்டுவிட்டு அழுதாள். விஷயம் தெரிந்ததும் அழுகை கோபமாயிற்று. மாலையைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று படத்துச் சாமிக்குப் போட்டாள்.

"அடுத்த வாரம் என்னய என்ன பண்ணப் போவுது?" என்று மனைவியிடம் கேட்டார் இராமலிங்கம். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை சந்திப்பில் வழக்கமான கூச்சல். மாரடைப்பு, பாம்புக்கடி, பிரசவம். அவற்றுக்கு நடுவே ஒரு பழைய சிவப்புக் கார், "உள்ளே ஓர் அம்மாளுக்கு மூச்சு முட்டுகிறது. தயவுசெய்து வழி விடுங்கள்," என்றது.

"எங்களுக்கும்தான்," என்றது சௌடேஸ்வரியின் ரேடியோ. "மூன்று பேருக்கு."

அவள் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். சிவப்புக் காரில் ஒரு பெரியவர் தன் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளின் உதடு நீலம் பாரித்திருந்தது. பல் டாக்டருக்கும் அந்த நீலம் தெரியும்.

"வழி விடு," என்றாள்.

"விட்டால் நாம் ஆறு நிமிடம் பிந்துவோம்."

சௌடேஸ்வரி கதவைத் திறந்து இறங்கிச் சந்திப்பின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தாள். மனிதர் குறுக்கே வந்தால் வண்டி நின்றாக வேண்டும். அந்த விதியை மட்டும் எந்த ரேடியோவும் தொட முடியாது. நான்கு பக்கமும் எல்லாம் நின்றன.

"எதிரே மனிதர்," என்றது ஒரு வேன், குழம்பி. "இவரிடம் ரேடியோ இல்லை. அவசரம் என்னவென்று கேட்க வழியில்லை."

அவள் சிவப்புக் காரைப் பார்த்துக் கையை அசைத்தாள். அது போயிற்று. பெரிய மருத்துவமனை நாலு நிமிடத் தூரம். அந்த அம்மாள் பிழைத்துவிட்டார் என்பது சௌடேஸ்வரிக்கு மறுநாள்தான் தெரிந்தது.

இப்போது அவளுக்கு எப்படித் திரும்புவதென்று தெரியவில்லை. கையை இறக்கினால் நான்கு பக்கமும் ஒன்றாகப் பாயும் போலிருந்தது. கண்ணாடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. இருபத்தோரு வருடமாக ஒரே சந்திப்பில் நின்றவர்கள் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அவள் விரித்த கையை இறக்காமலே முன்னால் நின்ற காரிடம் போனாள். அதுதான் தினமும் மாரடைப்பு வரும் கார். உள்ளே திடகாத்திரமான ஓர் ஆள்.

"உங்களுக்கு என்னங்க அவசரம்?" என்று கேட்டாள்.

அவருடைய ரேடியோ இன்னும் கடைசி மூச்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அவர் கை நீட்டி அதன் சத்தத்தைக் குறைத்தார். பிடரியைத் தடவிக்கொண்டார்.

"முடி வெட்டப் போறனுங்க," என்றார் தாழ்ந்த குரலில். பிறகு பக்கத்து வேனில் சீருடையோடு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த சிறுமியை எட்டிப் பார்த்தார். "அந்தப் புள்ளைக்குப் பரீட்சையாட்டம் இருக்குதுங்க. அதை மொதல்ல விடுங்க."