மூன்றாவது டப்பா

அலறல் கேட்டது.

அலறியவர் உணவு ஆய்வாளர். அலறக் காரணம், திறந்து கிடந்த ஆபீஸ் பீரோ.

உள்ளே டப்பா இல்லை!

மணி ஒன்பதரை. பதினொன்றுக்குக் கோர்ட்.

குழந்தைகளுக்கான பால்மாவு. பழைய தேதியை அழித்துப் புதுத் தேதி குத்தியதாக வழக்கு. கிடங்கில் சீல் வைத்த எட்டாயிரம் டப்பாக்கள். இன்று தோற்றால் சாயங்காலமே அத்தனையும் கடைகளில் இருக்கும்.

சாட்சிக்கு மூன்று டப்பாக்கள் எடுத்திருந்தார். முதலாவது பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. மாவு பழசுதான் என்று ரிப்போர்ட் பிரமாதமாக வந்தது. ஆனால் பரிசோதனைக்கு நான்கு நாள் முன்புதான் கூடத்தின் அங்கீகாரம் முடிந்திருந்தது. செல்லாது.

இரண்டாவதைச் சட்டப்படி கம்பெனியிடமே கொடுத்தாயிற்று. சட்டத்துக்கு அவ்வளவு நல்ல மனசு.

மூன்றாவது...

ஆபீஸைப் பெருக்கும் அக்காவைக் கூப்பிட்டார்.

“அதுவா சார்? சாக்கடையில கொட்டிட்டேன்.”

“அக்கா... ஏன்க்கா?”

“பீரோ முழுக்க எறும்பு. கெட்டுப்போன பொருள் எதுவும் ஆபீஸ்ல இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே நோட்டீஸ் ஒட்டினீங்க?”

சுவரைப் பார்த்தார். அவர் கையெழுத்தேதான். அழகாகவும் இருந்தது.

கோர்ட்டில் விஷயத்தைச் சொன்னபோது நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கம்பெனி வக்கீல் சிரிப்பை அடக்கவே இல்லை. இப்படிப்பட்ட துறையை நம்பியா கிடங்கைப் பூட்டினீர்கள் என்று பத்து நிமிடம் பொரிந்து தள்ளினார்.

நீதிபதி அவரை நிறுத்தி, கம்பெனி வசமுள்ள டப்பாவைக் கேட்டார்.

கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி எழுந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“அதை அழிச்சிட்டோம் ஐயா. நாங்க இவங்க ஆபீஸ் மாதிரி இல்ல. தேதி முடிஞ்ச பொருளை ஒரு நாள்கூட வெச்சிருக்க மாட்டோம்.”

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“எப்போ அழிச்சீங்க?” என்றார் நீதிபதி.

“போன மாசம் மூணாம் தேதி. ரெஜிஸ்டர்லயே இருக்கு ஐயா.”

நீதிபதி வழக்குக் கட்டிலிருந்த போட்டோவைத் தூக்கிக் காட்டினார்.

“டப்பா மேல அடுத்த வருஷம் மார்ச்னு இருக்கே?”

வக்கீல் பிடித்திருந்த சட்டையை விட்டுவிட்டார்.

கிடங்கின் சீலைப் பிரிக்கக் கூடாது, ரெஜிஸ்டரை உடனே கொண்டுவர வேண்டும் என்று உத்தரவானது. ஆய்வாளருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எட்டாயிரம் டப்பாக்களும் உள்ளேயே இருக்கும்.

வராந்தாவில் வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“ஏன்யா, ஒரு பொய் சொல்லத் தெரியாதா உனக்கு?”

அதிகாரி நிஜமாகவே குழம்பிப் போனார்.

“அதுக்குத்தானே சார் உங்களை வெச்சிருக்கோம்?”