மிஞ்சிய வேட்டி

திங்கள், காலை.

ஒரு வேட்டி மிஞ்சியது.

ஆம்பூரில் அமிர்தவள்ளி வீட்டுக் கட்டிலில் புதுத் துணிகள் வரிசையாகக் கிடந்தன. மகன் பரணிதரனுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அதற்கு முன் வெள்ளிக்கிழமை மாலையில், குடும்பத்தில் இறந்தவர்களுக்குப் படையல். பெயர் சொல்லி ஆளுக்கு ஓர் இலை போட வேண்டும். பெண்களுக்குப் புடவை, ஆண்களுக்கு வேட்டி.

மிஞ்சிய வேட்டியை அமிர்தவள்ளி எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"யாருக்கு அத்தை அது?"

கேட்டவள் ஹேமலதா. அமிர்தவள்ளியின் பெரியப்பா பேத்தி. பகலில் ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்க்கும் வேலை. மாலையில் வரலாற்று வகுப்பு. அவரவர் வம்சாவளியை வரைந்துவரச் சொல்லியிருந்தார் ஆசிரியர். அதற்காகத்தான் பெயர்களைச் சரிபார்க்க வந்திருந்தாள்.

"எங்கண்ணனுக்கு. வைக்கலாமா வேணாமான்னு தெரியல."

அண்ணன் கன்னியப்பன். ஹேமலதாவின் தாளிலும் அந்தப் பெயருக்குக் கீழே மட்டும் பென்சிலில் ஒரு கேள்விக்குறி இருந்தது.

"ஓடிப்போய்ட்டாருன்னுதானே சொல்வாங்க?"

"ஓடிப்போனவன் உயிரோட இருந்தா? உயிரோட இருக்கறவனுக்குப் படையல் போட்டா நானே அவன சாவடிச்ச மாதிரி ஆய்டும். செத்திருந்தான்னா, இத்தன வருஷமா அவன மட்டும் பட்டினி போட்டிருக்கேன். ரெண்டுல எது பாவம்னு நீயே சொல்லு."

"சொல்லு சிஐடி," என்றான் பரணிதரன், சட்டைக்குப் பொத்தான் போட்டபடி. "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். கண்டுபுடிச்சா கல்யாணத்துல முதல் பந்தி உனக்கு."

"சும்மா இரு மாமா." ஹேமலதா பென்சிலை எடுத்தாள். "கடைசியா எப்பப் பார்த்தீங்க அத்தை?"

"எனக்கு ஏழு வயசு. ஞாயித்துக்கிழமை. புதுச் செருப்பு போட்டுக்கிட்டுப் போனான். கழிச்சுப் போட்ட தோல் ஒண்ணுல அவனே வெட்டித் தைச்சது. எனக்கும் அதே தோல்ல ஒரு ஜோடி தைச்சான்."

"அவருக்கு என்ன வேலை?"

"தோல் வெட்டறது. கறிக்கடைக்கு மட்டும் அவனத்தான் அனுப்புவாங்க. பாய்கிட்ட பேசிப் பேசியே நல்ல கறியா வாங்கியாந்துடுவான்."

"யாரும் தேடலையா?"

"தேடாம? அன்னிக்குத்தான் பேரணாம்பட்டு பஸ்ஸ ஓடைத் தண்ணி அடிச்சிக்கிட்டுப் போச்சு. எங்கப்பா நாலு நாள் அலைஞ்சாரு. செத்தவங்க எல்லாருக்கும் ஆள் வந்தாச்சு, ஒருத்தர்தான் பாக்கி, அவரும் பாய், அவங்க ஜனமே அடக்கம் பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்களாம். நம்ம பையன் இல்லன்னு அப்பா சந்தோஷமா திரும்பி வந்தாரு. அப்புறம் அரக்கோணம் ஸ்டேஷன்ல அவனப் பார்த்தேன்னு ஒருத்தர் வந்து சொன்னாரு. பம்பாய் ரயில் ஏறினானாம்."

"முகத்தப் பார்த்தாரா?"

"முதுகப் பார்த்தாராம்."

பரணிதரன் சிரித்தான். அமிர்தவள்ளி அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

திங்கள், மதியம்.

கம்பெனி கேன்டீனில் தபரேஸ் தூக்கைத் திறந்தான். தோல் வெட்டும் பிரிவில் நல்ல கை அவன். உள்ளே நெய் மணக்கும் சர்க்கரைச் சோறு.

"இன்னா விசேஷம்?" என்றாள் ஹேமலதா.

"வருஷா வருஷம் தர்றேனே, மறந்துட்டியா? பஸ் மாமு பாத்தியா, செத்தவருக்காக ஓதிப் பங்கிடற சோறு. எங்கம்மா சின்ன வயசுல பஸ்ஸோட தண்ணியில மாட்டிக்கிச்சு. ஒருத்தர் தூக்கி பஸ் மேல உட்கார வெச்சாரு. அம்மாவோட அம்மா, எங்க நானியையும் ஏத்தி விட்டாரு. அப்புறம் வேற யாரோ ஒரு பெரியவரைப் புடிக்கப் போனவரு திரும்பல. பேரு தெரியாது. மூணு நாள் கழிச்சு உடம்பு கிடைச்சுது, முகம் தெரியல, சட்டைய வெச்சு நானி அடையாளம் சொன்னாங்க. நானியோட வூட்டுக்காரரு, எங்க நானாதான் அடக்கம் பண்ணாரு."

ஹேமலதாவின் கை சோற்றிலேயே நின்றது.

"எந்த பஸ்ஸு?"

"ஆம்பூர் டு பேரணாம்பட்டு. சாப்பிடு, ஆறுது."

"அவர் உங்க ஜனம்னு எப்படித் தெரியும்?"

"உருது பேசினாராம். 'டர் நக்கோ பேட்டி', பயப்படாத மகளேன்னு எங்கம்மாகிட்ட சொல்லியிருக்காரு. அப்புறம் இன்னா சந்தேகம்?"

அன்று மாலை வகுப்பில் நடத்திய பாடம் அவள் காதில் ஏறவில்லை. ஒரே பஸ், ஒரே நாள் என்பதால் ஒரே ஆள் ஆகிவிடுவாரா? ஆம்பூரில் ஏறியவர்கள் எத்தனையோ பேர். அத்தை வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பதற்காக, தான் விரும்பும் பதிலைத் தானே தைத்துக்கொள்கிறோமோ என்று பயந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

புதன், மாலை.

"அத்தை, கன்னியப்பன் பெரியப்பாவுக்கு உருது வருமா?"

"வருமாவா? அவன் தோல் வெட்டற டேபிள்ல முக்கால்வாசிப் பேர் பாய்ங்க. என்னைத் திட்டறதே உருதுலதான் திட்டுவான். எதுக்குக் கேக்கற?"

"சும்மா, வகுப்புக்கு. உங்க சின்னச் செருப்பு இருக்கா?"

அமிர்தவள்ளி பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்தாள். அண்ணன் வந்து பார்க்கட்டும் என்று போடாமலே வைத்திருந்த செருப்பு. கால் வளர்ந்துவிட்டது, செருப்பு புதிதாகவே இருந்தது. ஹேமலதா அதை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பினாள். இடதுகால் செருப்பின் மேல்தோலில், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெலிதாக ஒரு வளைந்த கோடு. வலதில் கோடே இல்லை.

மாடு உயிரோடு இருக்கையில் முள்கம்பியில் உரசிய கீறல். பதனிட்ட பிறகும் போகாது. இப்படிப்பட்ட தோலைத்தான் ஹேமலதா தினமும் கழித்துப் போடுகிறாள்.

உடனே தபரேஸுக்குப் போன் செய்தாள்.

"உங்க மாமுவோட சாமான் எதாவது வீட்டுல இருக்கா?"

"செருப்பு இருக்கு. ஏன்?"

வியாழன், மதியம்.

தோல் வெட்டும் மேசை காலியாக இருந்தது. தபரேஸ் துணி முடிச்சை அவிழ்த்து ஒரு பெரிய ஜோடியை வைத்தான். ஹேமலதா சின்ன ஜோடியை வைத்தாள். யாருடையது என்று சொல்லவில்லை.

"நாலும் ஒரே தோலுன்னு வெச்சிக்கோ. தோல் வீணாகக் கூடாது. நீ வெட்டினா எப்படி அடுக்குவ?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா?" பெரிய இரண்டையும் ஒன்றுக்கொன்று தலைகீழாக, பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். "பெருசு முதல்ல. நடுவுல பள்ளம் விழுதில்ல, அதுல சின்னது ஒண்ணு. இன்னொண்ணு தனியா, கீழ."

அவன் கை அப்படியே நின்றது.

பெரிய இடதில் தொடங்கிய கீறல், சின்ன இடதின் மேல் நடந்து, பெரிய வலதில் போய் முடிந்தது.

"கலைச்சிட்டு வேற மாதிரி வை," என்றாள் ஹேமலதா.

வேறு விதமாக வைத்தான். கோடு உடைந்தது. சின்ன வலதை நடுவில் வைத்தான். கோடே இல்லை. முதலில் வைத்தபடி வைத்தான். சேர்ந்தது.

"யாருதுடி இந்தச் சின்னது?"

"சொல்றேன். நாளைக்கு உங்கம்மாவக் கூட்டிக்கிட்டு வா. பெருச மறக்காத."

வெள்ளி, மாலை.

அமிர்தவள்ளி வீட்டில் இலைகள் போட்டாகிவிட்டது. வேட்டி இன்னும் கட்டிலில்தான் இருந்தது. தபரேஸின் அம்மா ஹலீமா பீ, மடியில் துணி முடிச்சோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதற்கு அழைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது, அமிர்தவள்ளிக்கும் தெரியாது.

ஹேமலதா நடுவில் வந்து நின்றாள்.

"நான் தப்பா இருந்தா நிறுத்துங்க. கன்னியப்பன் பெரியப்பா எங்கயும் ஓடல. அன்னிக்கு அந்த பஸ்ல இருந்தாரு. இந்த அம்மாவைத் தண்ணியிலருந்து தூக்கினது அவர்தான்."

"பஸ்ல போனது பாய்ன்னு..." என்றாள் அமிர்தவள்ளி.

"அதத்தான் யாரும் கேக்கல அத்தை. பாய்ன்னு எப்படித் தெரிஞ்சதுன்னு. மூணு நாள் கழிச்சுக் கிடைச்ச உடம்பு, முகம் தெரியல. சட்டைய வெச்சு இவங்க அம்மா அடையாளம் சொன்னாங்க. உருது பேசினாருன்னாங்க. அதனால இவங்க அப்பா தன் ஜனம்னு அடக்கம் பண்ணாரு. உங்க அப்பா பாய்ன்னு கேட்டதும் திரும்பிட்டாரு. பெரியப்பாவத் தொலைச்சது இந்த ரெண்டு பேரும்தான். ரெண்டு பேரும் நல்ல மனசோடதான் செஞ்சாங்க. ஆம்பூர்ல தோல் வெட்டறவன் எந்த ஜனமா இருந்தாலும் உருது பேசுவான். அது ரெண்டு பேருக்கும் தெரியும். அன்னிக்கு ஞாபகம் வரல."

சின்னச் செருப்பை எடுத்தாள். ஹலீமா பீ முடிச்சை அவிழ்த்தாள். தபரேஸ் தரையில் அடுக்கினான். கீறல் மூன்று செருப்புகளின் மேலும் ஒரே கோடாக ஓடியது.

அமிர்தவள்ளி குனிந்து விரலால் அந்தக் கோட்டைத் தடவினாள், பெரியதிலிருந்து தன்னுடையதற்கு, தன்னுடையதிலிருந்து பெரியதற்கு.

"செருப்பு உங்ககிட்ட எப்படிம்மா?"

"என் கையில குடுத்தாரு," என்றாள் ஹலீமா பீ. "பஸ் மேல நான் ஜாஸ்தி அழுதேன். 'டர் நக்கோ பேட்டி, இது புதுசு, கெட்டியாப் புடிச்சிக்கோ, வந்து வாங்கிக்கிறேன்'னாரு. புடிச்சிக்கிட்டே இருந்தேன். எங்கம்மா தூக்கிப் போடச் சொன்னாங்க, போடல. வந்து வாங்கிக்கிறேன்னு சொன்னாரே."

அமிர்தவள்ளியின் கண்ணில் நீர் வழிந்தது. அதோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"பார்டா பரணி! தண்ணியில நின்னுக்கிட்டும் உருதுல பேசியிருக்கான் உங்க மாமன்! ஓடிப்போனவன்னு சொன்ன வாய்க்கெல்லாம் ஞாயித்துக்கிழமை நான் வெச்சிக்கிறேன் கச்சேரி!"

"எங்க வீட்டுல வருஷா வருஷம் சோறு வெச்சோம்மா," என்றாள் ஹலீமா பீ தயங்கி. "பேர் தெரியாம வெச்சோம். அவருக்கு சேர்ந்திருக்குமா?"

"பட்டினியா இல்லன்னு சொல்லும்மா!" அமிர்தவள்ளி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெய்ச்சோறா?"

"நெய் கம்மியாப் போட மாட்டேன்."

"அவனுக்கு அதான் புடிக்கும்."

"ரிசப்ஷனுக்கு பிரியாணி மாஸ்டர் இன்னும் முடிவாகல," என்று மெல்லச் சொன்னான் பரணிதரன். எல்லோரும் சிரித்தார்கள். தபரேஸ் அங்கேயே போனை எடுத்துப் பேரணாம்பட்டு மாஸ்டரை அழைத்தான்.

ஹேமலதா தன் தாளை எடுத்தாள். கேள்விக்குறியை அழித்தாள். பேனாவால் இறந்த வருடத்தை எழுதினாள்.

அமிர்தவள்ளி இன்னோர் இலை போட்டாள். வேட்டியை அதன் முன் வைத்தாள். கற்பூரம் ஏற்றும் முன் பெரிய ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். படையலில் செருப்பு வைக்க முடியாது.

ஹலீமா பீ வாசலைக் காட்டினாள்.

அங்கே வந்தவர்களின் செருப்புகள் மழை ஈரத்தோடு கலைந்து கிடந்தன. அமிர்தவள்ளி நடுவில் இடம் ஒதுக்கி, அண்ணனின் செருப்பை வீட்டைப் பார்த்தபடி ஜோடியாக விட்டாள். பிறகு உள்ளே திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அண்ணன் வந்துட்டான். கற்பூரத்தக் கொளுத்துங்க."