கந்தகப் புகை அளக்க வந்தவள்

"உங்க மெஷின்தான் தப்பு, மேடம்," என்றான் ஆலையின் ஆபரேட்டர்.

தூறலில் புகைபோக்கி ஏணியில் ஏறி இறங்கியதில் அவளுக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது. இந்த வாரத்தில் இது ஆறாவது புகைபோக்கி. மாசு ஆய்வாளர் பிழைப்பே இப்படித்தான்... ஏறு, அள, இறங்கு, பேச்சு வாங்கு.

"காலைலதான் சரிபாத்து எடுத்துட்டு வந்தேன். மேல கந்தகப் புகை அளவுக்கு மேல மூணு மடங்கு போகுது. உங்க திரைல எல்லாம் பச்சையா இருக்கு. எது பொய் சொல்லுது?"

அவன் முறைத்தான். தூக்கமில்லாமல் சிவந்த கண்கள்... ஆனாலும் என்ன கண்கள்! அடச்சே, வந்த வேலையைப் பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

புகை கழுவும் கோபுரத்தடியில், சுண்ணாம்புக் கரைசலின் அமிலப் புளிப்பை அளக்கும் கண்ணாடி முனையைக் கழற்றச் சொன்னாள். வேண்டாவெறுப்பாகக் கழற்றினான். முனை முழுக்க வெள்ளைப் பொருக்கு. புளிப்பே இல்லையென்று அது காட்டியதை நம்பி, பம்ப் சுண்ணாம்பைக் குறைத்துவிட்டது. கழுவாத புகை காலையிலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

அவன் முகம் செத்துப்போயிற்று.

"தினம் இதக் கழுவணும். ஷிஃப்ட் முடிஞ்சு என்னை மாத்திவிட வேண்டியவன் வரல... ரெண்டு ஷிஃப்ட் சேத்துப் பாத்தேன், மறந்துட்டேன். அது தெரியாம வீம்புக்கு உங்ககிட்ட வேற கத்திட்டேன்."

அவள் நோட்டைத் திறந்தாள். எழுதினால் இவன் வேலைக்கே உலை. ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட இப்படிப் பேனா நின்றதில்லை.

"இப்பவே சரி பண்ணிட்டா... எழுதாம விட்டுடவா?" அவள் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

"எழுதுங்க. வேலை போனா வேற தேடிக்கலாம். எழுதாம விட்டீங்கன்னா உங்கள மறுபடி நிமிந்து பாக்க முடியாது... எனக்குப் பாக்கணும்."

"என்னது?"

"பாக்கணும்னு சொன்னேன்." அவன் காது மடல் சிவந்தது.

ஒன்று விடாமல் எழுதினாள். கையெழுத்துக்கு மேலே, 'மறு ஆய்வுக்கு வேறு ஆய்வாளரை அனுப்பவும்' என்று சேர்த்தாள். எட்டிப் படித்தவன் வாடிப்போனான்.

"இன்னும் கோவமா, மேடம்?"

"கோவப்படத் தெம்பு ஏது..." அவள் பேனாவை மூடினாள். "எனக்கும் உங்களப் பாக்கணும். பாக்க வர்றப்ப கையில இந்த நோட்டு இருக்கக் கூடாது."