கதவைச் சாத்தியவள்

கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்த சாந்தினி, கூடத்தில் காலடிச் சத்தம் கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். கணவர் சபாபதி படுத்திருந்த அறையின் கதவை அவள் சாத்துவதற்குள், அவருடைய அக்கா கிருஷ்ணம்மா குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து நின்றுவிட்டாள்.

“ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துர்றேன் சாந்தினி.”

“இப்ப வேணாம் அண்ணி. அவரு தூங்குறாரு.”

உள்ளே இருமல் சத்தம் கேட்டது. இருவருக்குமே கேட்டது.

“என் தம்பிய என் கண்ணுக்கே மறைக்கிற... நல்லா இரு தாயி” என்று சொல்லிவிட்டுக் கிருஷ்ணம்மா திரும்பி நடந்தாள். சாந்தினி கதவைச் சாத்தினாள்.

சபாபதிக்குப் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோதே பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. செய்தி கேட்டுச் சொந்த ஊரான லாபிஸிலிருந்து ஒரு துணிப்பையோடு பஸ் ஏறி வந்தவள்தான் கிருஷ்ணம்மா. தம்பி தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே அம்மா இறந்துவிட, ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி அவரைப் படிக்க வைத்தவள் அவள். அவர் ஆளாகட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே போனாள். பிறகு பெண் கேட்டு யாரும் வரவில்லை. அந்த அறைக்குள் நுழைய அவளுக்கு இருந்த உரிமை வேறு யாருக்கும் இல்லை என்பது சாந்தினிக்கும் தெரியும்.

ஆனால் கிருஷ்ணம்மா உள்ளே போனால் அழுவாள். செயலிழந்த கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, உன்னை இப்படிப் பார்க்கவா உயிரோடு இருக்கிறேன் என்று விம்முவாள். சபாபதி ஏதோ சொல்ல வாயெடுப்பார். வார்த்தை வராது, முகம் கோணும், நெஞ்சு படபடவென்று அடிப்பது சட்டைக்கு மேலேயே தெரியும். அதன் பிறகு சாப்பிட மாட்டார், கை கால் பயிற்சியும் செய்ய மாட்டார்.

போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சாந்தினியைத் தனியாக அழைத்துப் பேசினார். சும்மா படுத்திருக்கும்போதே சபாபதியின் இதயம் வேகமாகத் துடிக்கிறது என்றார். பக்கவாதத்துக்குப் பிறகு துடிப்பு அப்படி அடங்காமல் இருப்பவர்கள் பலருக்கு, கை காலும் பேச்சும் திரும்புவது கடினமாகிறது; மறுபடியும் ஆபத்து வரலாம் என்றும் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்து, மனம் கலங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இதை எப்படி அண்ணியிடம் சொல்வது? ஒருநாள் துணி காயப்போடும் இடத்துக்குப் போய் ஆரம்பித்தாள். அதற்குள் கிருஷ்ணம்மா, இன்றைக்குத் தம்பியின் கை கொஞ்சம் சூடாக இருந்தது என்று பூரித்துச் சொன்னாள். சாந்தினி காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அன்றிலிருந்து தூங்குகிறார், உடம்பு துடைக்க வேண்டும் என்று ஏதாவது சொல்லிக் கதவைச் சாத்தத் தொடங்கினாள்.

மகள் ரூபினி தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவள். விடியுமுன் கிளம்பிப் பொழுது சாய்ந்து திரும்புகிறவளுக்கு அத்தையின் அழுகை மட்டுமே காதில் விழுந்தது. சனிக்கிழமை காலை பசியாற உட்கார்ந்தவள், தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அத்தைய ஏம்மா இப்படி நடத்துறீங்க? அப்பாவால பேச முடியாதுங்கிற தைரியமா?”

கணவரைக் கவனிப்பதற்காகப் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை வேலையை விட்டு வந்தவள் சாந்தினி. எழுந்து போய்க் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவினாள்... அது ஏற்கனவே கழுவிய கிண்ணம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குத் தானும் வருவேன் என்று கிருஷ்ணம்மா பிடிவாதம் பிடித்தாள். இல்லையென்றால் லாபிஸுக்குப் போய்விடுவேன், திரும்பி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள். ரூபினி விடுப்பு எடுத்துக் காரோட்டினாள்.

சபாபதியின் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். பக்கத்துத் திரையில் இதயத் துடிப்பின் எண் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏறாமல் நின்றது. கிருஷ்ணம்மாவால் அந்த வயர்களைப் பார்த்துத் தாங்க முடியவில்லை. “ஐயோ ராசா...” என்று ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

எண் ஏறியது. மேலும் ஏறியது. எந்திரம் கத்த ஆரம்பித்தது. நர்ஸ் வந்து அவளை மெதுவாக ஒரு மூலைக்கு அழைத்துப் போனாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கிருஷ்ணம்மா திரையையே பார்த்தாள். அவளது விம்மல் அடங்க அடங்க, அந்த எண்ணும் இறங்கியது.

டாக்டர் மலாய் மொழியில் பேசினார். தோட்டத்தில் பழகிய மலாய் என்பதால் கிருஷ்ணம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. அழுகை மட்டும் காரணமில்லை, இதயத்தின் ஓட்டமே சரியில்லை, மருந்தை மாற்றுகிறேன் என்றார் டாக்டர். ஆனால் நோயாளி அமைதியாக இருக்க வேண்டும் என்று மனைவியிடம் போன தடவையே சொன்னேனே என்றும் கேட்டார்.

ரூபினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே வராந்தாவில் கிருஷ்ணம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். “இதுக்குத்தான் கதவ சாத்துனியா? எங்கிட்ட சொல்லக் கூடாதா?”

“எப்படி அண்ணி சொல்லுவேன்? அவர வளத்தது நீங்க. ஒங்க அழுகைதான் அவருக்கு ஆகலைன்னு என் வாயால எப்படி... கெட்ட பேரு எனக்கே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

ரூபினி அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தவளுக்கு அழுகைதான் வந்தது.

“நான் ஊருக்கே போயிர்றேன் சாந்தினி. என் கண்ணு அடங்காது.”

“நீங்க போனா அவரு தேடுவாரு. அழுக வந்தா அடுப்படிக்கு வந்துருங்க அண்ணி.”

மறுநாள் காலை கிருஷ்ணம்மா தம்பியின் அருகில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுச் சேவல் நேற்று வேலி தாண்டிப் பறந்த கதையைச் சொன்னாள். சபாபதியின் உதட்டின் இடது ஓரம் லேசாக அசைந்தது. “அக்...” என்றார். மீதி வரவில்லை. அவர் இனி நடப்பாரா, முழுதாகப் பேசுவாரா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. கிருஷ்ணம்மா கதையை முடித்தாள், போர்வையைச் சரி செய்தாள், அடுப்படிவரை அழுகையைத் தாங்கிக்கொண்டு நடந்தாள்.

அங்கே சாந்தினி அடுப்பின் முன் நின்று, சத்தம் வெளியே வராமல் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

கிருஷ்ணம்மா தன் அழுகையை மறந்தாள். அவளை இழுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“நீ இத்தன நாளா எங்க போயி அழுத தாயி?”