உட்காரக் கூடாத சிலை

"பக்கெட்டைத் தட்டிவிட்டது நீதான்னு ஒத்துக்கிட்டா—"

"நான் பக்கெட்டையே தொடலைங்கய்யா! கதவைத் திறந்தேன்—"

"—விஷயம் இதோட முடிஞ்சிடும். ஒரு கடிதம் எழுதிக் குடுத்துட்டு—"

"—பார்த்தேன், கத்தினேன். இதுல பக்கெட் எங்கேருந்து வந்தது?"

"அப்ப சிலை தானாவே சேறாயிடுச்சா?"

வாசலில் வந்து நின்ற இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு முழங்கால் வலி. புதுக் கட்டிடம், லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. மூன்று மாடி ஏறியிருந்தார். உள்ளே கத்திக்கொண்டிருந்த பதிவாளரும் அறையைப் பெருக்கும் அம்மாவும் மூச்சு விடட்டும் என்று காத்திருந்தார். விடுகிற மாதிரி தெரியவில்லை.

"எனக்கு ஒரு காதுதான் சரியாக் கேட்கும். ஒவ்வொருத்தரா பேசுங்க."

காலை மணி 8.40.

பல்கலைக்கழகத்தின் புது வளாகத்தில் ஒரு குளம் வெட்டியிருந்தார்கள். குளத்துக்குள் ஒரு சிலை வைக்க வேண்டும். போட்டி நடத்தி, நாலு பேரை வடிகட்டி, அவர்களின் சிறிய மாதிரிகளை இந்த அறையில் வைத்திருந்தார்கள். பத்து மணிக்குக் குழு கூடித் தேர்ந்தெடுக்கும். அது பேருக்குத்தான். நான்காம் எண் என்று எப்போதோ முடிவாகிவிட்டது.

மூன்று மாதிரிகள் மேசையில் பத்திரமாக இருந்தன. நான்காவது நின்ற தகரத் தட்டில் நாலு விரல்கடைத் தண்ணீர், நடுவில் செம்மண் சேறு. அவ்வளவுதான்.

"ஜன்னல்?"

"திறக்காது. கண்ணாடியை அடைச்சே வெச்சுட்டாங்க" என்றார் பதிவாளர்.

"சாவி?"

"ஒண்ணுதான். இவகிட்ட."

இவள் என்றால் சாவிக்காரம்மா. இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பல்கலைக்கழகத்தின் அறைகளைத் திறந்து, பெருக்கி, பூட்டுகிறவர். அவருக்குச் சொந்தப் பெயர் இருப்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

"வேலை போனா குடியிருப்பையும் காலி பண்ணணும்மா" என்றார் அவர், மெதுவாக. "வீட்டுல படுத்த படுக்கையா மாமியார் இருக்காங்க."

"உட்கார்ந்து பேசுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்த நாற்காலியெல்லாம் குழுவுக்குப் போட்டது" என்றார் பதிவாளர்.

இன்ஸ்பெக்டருக்கு அதற்கும் சண்டை போடத் தெம்பில்லை. தான் மட்டும் ஒன்றில் உட்கார்ந்தார். அதை யாரும் தடுக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் என்ன நடந்தது?"

"அஞ்சரைக்குத் தங்கச்சி வந்தாங்க. சிலை செய்யறவங்க. எப்பவும் அக்கா, அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. புது மாதிரியை வெச்சாங்க. நாலு குவளைத் தண்ணி வாங்கித் தட்டுல ஊத்தினாங்க. குளம் மாதிரி தெரியணுமே. உடனே, 'பூட்டுங்கக்கா, போலாம்'னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க."

"உடனேவா?"

"அதான் எனக்கே ஆச்சரியம். எப்பவும் அரை மணி நேரம் சுத்திச் சுத்திப் பார்ப்பாங்க. நான்தான் 'வீட்டுக்குப் போகணும்'னு விரட்டுவேன்."

இன்ஸ்பெக்டர் சேற்றை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி வழுக்கியது. சிறு சில்லுகூட உறுத்தவில்லை.

"தரையைத் துடைச்சீங்களா?"

"தண்ணி சிந்தியிருந்தாத்தானேம்மா துடைக்க."

காலை மணி 9.10.

சிற்பி வந்தாள். நாற்பது வயதிருக்கும். தட்டை ஒரு பார்வை பார்த்தாள். குழு நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தாள். பதிவாளர், "ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்றார். சாவிக்காரம்மா சுவரோரம் நின்றார்.

இன்ஸ்பெக்டர் மடியில் கோப்பு இருந்தது. "பதினோரு திருத்தம்னு போட்டிருக்கு. முதல்ல என்ன செஞ்சீங்க?"

"ஒரு பொம்பளை. வேலை முடிச்சு, கரையில உட்கார்ந்து, காலைத் தண்ணியில வெச்சிருக்கா. பழைய கட்டிடத்துப் படியில அக்கா செருப்பைக் கழட்டிட்டு உட்காருவாங்க. அதைப் பார்த்துச் செஞ்சது."

"அப்புறம்?"

"களைப்பு நல்ல செய்தி இல்லைன்னு குழுவுல சொன்னாங்க. நிக்க வெச்சேன். சிரிக்கணும்னாங்க. சிரிக்க வெச்சேன். ஒரு கையில புத்தகம், மறு கையில விளக்கு. கடைசியா, கொஞ்சம் இளமையா இருந்தா நல்லாருக்கும்னாங்க."

"எல்லாம் ஒருமனதான முடிவு" என்றார் பதிவாளர்.

"விலகியிருக்கலாமே?"

சிற்பி கோப்பைக் கைகாட்டினாள். இன்ஸ்பெக்டரே கோப்பைப் படித்தார். "விலகினா வடிவம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். வேற ஆளை வெச்சுச் செஞ்சுப்பாங்க. இறுதிக் கூட்டத்துல மாதிரி இல்லைன்னா மட்டும் வடிவம் செஞ்சவங்களுக்கே திரும்பிடும். சரியா?"

"ஆமா."

இன்ஸ்பெக்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னலோரம் போனார். அங்கே ஒரு பூந்தொட்டி, தண்ணீர் நிறைந்த தட்டில்.

"இது யாரோடது?"

"என்னோடதுதாம்மா. பழைய கட்டிடத்துலேருந்து கொண்டு வந்தேன். ஒம்பது வருஷமாச்சு."

"ஒம்பது வருஷமாத் தண்ணியில நிக்குது. ஏன் கரையலை?"

"மண்ணைச் சூளையில வெச்சுச் சுட்டுட்டா அப்புறம் எப்படிம்மா கரையும்?" என்ற சாவிக்காரம்மா, சட்டென்று வாயை மூடிக்கொண்டார். சிற்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதேதான். சுட்ட சிலை கீழ விழுந்திருந்தா சில்லு சில்லா உடைஞ்சிருக்கும். பக்கெட் தண்ணி என்ன, குளத்துத் தண்ணியே பட்டாலும் கரையாது. இங்க ஒரு சில்லுகூட இல்லை. முந்தி கொண்டு வந்த மாதிரியெல்லாம் சுட்டதுன்னு கோப்புல இருக்கு. நேத்து வந்தது சுடாதது. நல்லாக் காயவெச்சு, மேல செங்காவி பூசின பச்சை மண். தண்ணி பட்ட கொஞ்ச நேரத்துல கால்லேருந்து உதிர ஆரம்பிச்சிடும். அதனாலதான் ஊத்தினதும் பூட்டச் சொன்னீங்க. ராத்திரி உள்ள யாரும் வரலை. வரவேண்டிய அவசியமும் இல்லை."

பதிவாளர் குனிந்து சேற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அவளை அந்தக் கோலத்துல குளத்துக்குள்ள காலம் பூரா நிறுத்தி வைக்க எனக்கு மனசு வரலை" என்றாள் சிற்பி. "நானே தப்பா செஞ்சுட்டேன், கரைஞ்சு போச்சுன்னு நினைப்பாங்கன்னு பார்த்தேன். அக்கா தலையில விழும்னு நினைக்கவே இல்லை. சத்தியமா."

மணி 9.35. மாடிப்படியில் குழு உறுப்பினர்களின் பேச்சுக் குரல். பதிவாளர் யாரையும் பார்க்காமல், "சரி, நீ போய் வேலையைப் பாரு" என்றார்.

சாவிக்காரம்மா அசையவில்லை. சுவரில் சாய்ந்து, ஒரு செருப்பைக் கழற்றி, வீங்கிய பாதத்தை மற்றக் காலின் மேல் வைத்துத் தேய்த்தார்.

"ஏன் தங்கச்சி, அந்த மண்ணு பொம்மையை நிக்க வெச்சாங்கன்னு இவ்வளவு பண்ணியிருக்கீங்க. எட்டு மணியிலேருந்து நான் நிக்கிறேனே, உங்க பக்கத்துல ஆறு நாற்காலி சும்மாக் கிடக்கு. ஒரு வார்த்தை உட்காருங்கக்கான்னு சொல்லணும்னு உங்களுக்குத் தோணலையா?"